இரண்டாம் வாசல்

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி:
வெள்ளத்தைத் தடுக்க என்ன ஏற்பாடு?
வீட்டை வரைந்த யூட்டா
ஒரே சொல்லில் எழுதினாள்: இல்லை.
வட்டார அலுவலகம் மூன்று முறை திருப்பி அனுப்பியது.
மூன்று முறையும் அதே பேனா, அதே சொல்.
நான்காம் முறை மட்டும்
'தடுக்கப்போவதில்லை' என்று கொஞ்சம் நீட்டினாள்.
முத்திரை விழுந்தது.

எஸ்தோனியாவில் சோமா என்னும் சதுப்பு நாட்டில்
வருடத்துக்குப் பருவம் ஐந்து.
குளிர் எழுந்து போய்
வசந்தம் இன்னும் உட்காராத இடைவெளியில்
ஆறுகள் கரை மறந்து
புல்வெளிக்கும் காட்டுக்கும் தார்ச்சாலைக்கும்
நடந்து வருகிற சில வாரங்கள்
அவர்கள் கணக்கில் தனிப் பருவம்.
எங்களுக்குப் பெரும்பொழுது ஆறு என்று
போன அன்றே பெருமை பேசினேன்.
ஹெல்வே கேட்டாள்:
அதில் எதற்குப் படகு வேண்டும்?

நீர்மட்டம் அளக்கும் கருவிகளைப் பழுதுபார்க்கப் போனவன் நான்.
ஹெல்வேயும் வால்தூரும் மாடியறையை வாடகைக்குத் தந்தார்கள்.
மாடி என்பதே தவறு. அங்கே கீழ்வீடு என்று ஒன்று இல்லை.
நாற்பத்தொரு லார்ச் மரக் கால்கள்,
அவற்றின் நடுவே காற்று.
ஒரு ஆல்டர் மரத்தின் வேர் குறுக்கே வந்ததால்
பதினேழாம் கால் மட்டும் ஓரமாய் விலகி நிற்கும்.
வரிசை கெட்டது கெட்டதுதான்.
ஆறு வரும் திசையில் வீட்டின் மூலை
படகின் மூக்குபோல் கூர்ந்திருக்கும்,
மிதந்து வரும் பனிப்பாளம்
முட்டாமல் இரண்டாய்ப் பிரிந்து போக.
மின்கம்பிகள் எல்லாம் கூரையிலிருந்து இறங்கும்.
வாசல் இரண்டு:
ஒன்று படிக்கட்டுக்கு,
மற்றது அந்தரத்தில்.
நிலையில் ஒரு இரும்பு வளையம் உண்டு,
கயிறு கட்ட.

தெற்கு ஜன்னல்கள் முழங்கால் உயரத்தில்.
குனிந்துதான் வானம் பார்க்கவேண்டும்.
வானத்துக்காக வைத்ததல்ல, என்றார் வால்தூர்.
கூரையின் உட்புறம் வெளிறிய பிர்ச் பலகை,
படம் இல்லை, விளக்கு இல்லை.
கீழே வெள்ளம் நிற்கும்போது
ஏப்ரல் வெயில் அதில் பட்டுத் தெறித்து
ஜன்னல் வழியே ஏறி
அந்தப் பலகையில் நாளெல்லாம் நெளியுமாம்.
அதைப் பார்க்கத்தான் இவ்வளவு கடன், என்றாள் ஹெல்வே.
அவள் சிரிக்கவில்லை.

நான் போன வருடம்
ஜனவரியில் பனிக்குப் பதில் மழை பெய்தது.
பிப்ரவரியிலும்.
உருக ஒன்றும் மிஞ்சவில்லை.
என் கருவிகள் சரியாகவே வேலை செய்தன,
சரியாகவே தாழ்ந்த எண்களைக் காட்டின.
இரண்டு முறை பேட்டரி மாற்றினேன்,
பேட்டரிமேல் பழி போட முடியுமா என்று பார்க்க.

மார்ச் கடைசியில் வால்தூர்
படகுக்குத் தார் பூசி
இரண்டாம் வாசலின் வளையத்தில் கட்டினார்.
நீளமான கயிறு.
கீழே காய்ந்த புல்லில்
ஒருக்களித்துப் படுத்திருந்தது படகு.
சாப்பாட்டு மேசையில் அவர்
கூரைக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினார்,
கூரைக்கு முதுகு காட்ட முடியுமென்றால்.
மேலே பலகை
பலகையாகவே இருந்தது.

யூட்டா தினமும் தார்த்து நகரிலிருந்து அழைப்பாள்,
பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவள் குரலில்:
வந்துவிட்டதா?
இன்னும் இல்லை.
நான் எங்கேயாவது தப்பாக வரைந்துவிட்டேனா?
ஹெல்வே அதற்குப் பதில் சொல்லவில்லை.
அடுப்பில் எதையோ கிளறினாள்,
அடுப்பு அணைந்திருந்தது.

ஏப்ரல் இருபதுக்கு மேல் ஒரு விடிகாலை
தரைக்கு அடியில் உரசல் சத்தம்.
மூவரும் சட்டை மாட்டாமல் எழுந்து
முழங்கால் ஜன்னலில் வரிசையாய்க் குனிந்தோம்.
தண்ணீருக்கென்று விட்டு வைத்த இடத்தில்
ஒரு எல்க் மான், கூடவே கன்று.
பதினேழாம் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது,
விலகி நின்றதே அதற்காகத்தான் என்பதுபோல.

போன் அடித்தது.
வந்துவிட்டதா?
ஹெல்வே மெல்லிய குரலில், வந்திருக்கிறது, என்றாள்.
எவ்வளவு உயரம்?
தோள்வரைக்கும் இரண்டு மீட்டர் இருக்கும்.
அந்தப் பக்கம் யூட்டா அழ ஆரம்பித்தாள்.
ஹெல்வே போனை எங்களிடம் நீட்டினாள்.
யாரும் வாங்கவில்லை.